கணிப்பொறியும் கட்டாயச் சரக்கும்

உத்திரமேரூர் வட்டாரத்து நெல் வேளாண்மைக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்கள் உண்டு. நவரை நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் நாள்களில், ஏரிப் பாசன ஊர்கள் அனைத்திலும் ஒரே பேச்சுத்தான்: யூரியா கிடைத்ததா, இல்லையா? அப்படிப்பட்ட ஒரு நாளில் நம் தமையனார் உரக்கடையிலிருந்து திரும்பினார். வண்டியிலிருந்து இரண்டு மூட்டைகளை இறக்கியவர், சிறிய நெகிழிப் பை ஒன்றையும் எடுத்துத் திண்ணைமீது எறிந்தார். அதில் ஏதோ ஒரு நுண்ணூட்டக் கலவை இருந்தது. "இது எதற்கு?" என்று கேட்டோம். "எதற்கென்று எனக்கும் தெரியாது. இதை வாங்கினால்தான் அதைத் தருவேன் என்கிறான்" என்றார்.

கடைத்தெரு வழக்கில் இதற்கு 'இணைப்பொருள்' என்று பெயர். இணை என்னும் இனிய சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் ஏற்பட்டிருப்பதை நம் துறை நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 242 ரூபாய், வேப்பெண்ணெய்ப் பூச்சுக்கும் வரிக்கும் உரியது தனி என்று நடுவண் அரசு பிரித்தே வரையறுத்திருக்கிறது. இணைப்பொருளைக் கட்டாயப்படுத்தும் கடைகள்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று வேளாண்மைத் துறையினர் எச்சரிப்பதும் உண்டு. எச்சரிக்கை நாளிதழில் வரும். பை திண்ணைக்கு வந்து சேரும்.

அதே திங்களில் தமையனாரின் மகளுக்கு மடிக்கணினி வாங்க வேண்டியிருந்தது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண். நாமும் உடன் சென்றோம். காஞ்சிபுரத்துக் கடை ஒன்றில் ஒரு பொறியைத் தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டியாயிற்று. பட்டியலை வாங்கிப் பார்த்த பெண், "சித்தப்பா, இதில் பொறிக்கு எவ்வளவு, விண்டோஸுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். பட்டியலில் ஒரே வரி, ஒரே தொகை. கடைக்காரரிடம் கேட்டோம். அவர் நல்ல மனிதர், நகைத்துவிட்டு, "சார், அது கூடவே வருவது. அதற்குத் தனி விலை கிடையாது" என்றார். தனி விலை இல்லையென்றால் அது இலவசமா? "இலவசம் என்றும் சொல்ல முடியாது, சார்" என்றார். பையை எறிந்த தமையனாரின் முகம் அப்போது நம் நினைவுக்கு வந்தது. இக்கட்டுரை அங்கேதான் பிறந்தது.

கணிப்பொறியோடு பழக்கமில்லாத பெரியவர்களுக்காக ஒரு சொல். கணிப்பொறி என்பது வன்பொருள். கையால் தொடக்கூடிய உறுப்புகளின் தொகுதி. அவ்வுறுப்புகளை எழுப்பி, ஒழுங்கு செய்து, நாம் இட்ட பணியைச் செய்ய வைக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். அஃதின்றிப் பொறி வெறும் பெட்டி. ஆயின் பெட்டியைச் செய்பவர் வேறு. இயங்குதளத்தை எழுதுபவர் பெரும்பாலும் வேறு. பம்பு செட்டு எண்ணெயின்றி ஓடாது என்பது உண்மை. அதற்காக, பம்பு செட்டு விற்பவர், 'இன்னாருடைய எண்ணெய் உள்ளே ஊற்றப்பட்டிருக்கிறது. அதன் விலையைக் கேட்காதீர். வேண்டா என்று சொல்லவும் முடியாது' என்பாரானால் நம் ஊர் உழவர் ஏற்பாரா?

ஒரு காலத்தில் கணிப்பொறி உலகம் முழுவதும் இவ்வாறுதான் இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரும்பொறிகளை வாடகைக்கு விடும்போது நிரல்கள், பயிற்சி, பொறியாளர் உதவி ஆகிய அனைத்தையும் ஒரே கட்டணத்தில் சேர்த்தே தந்தது. வேறொருவர் சிறந்த நிரல் ஒன்றை எழுதி விற்க முனைந்தால், 'எங்களுக்கு அது சும்மாவே வருகிறதே' என்று வாடிக்கையாளர் சொல்லிவிடுவார். 1969 சனவரியில் அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின்மீது முற்றுரிமை வழக்குத் தொடர்ந்தது. அவ்வாண்டு சூன் 23ஆம் நாள், இனி நிரல்களுக்கும் பணிகளுக்கும் தனித்தனியே விலை வைக்கப்படும் என்று ஐ.பி.எம். அறிவித்தது. இதற்கு ஈடாக வன்பொருள் கட்டணத்தில் அது குறைத்தது வெறும் 3 விழுக்காடு! வாங்குவோர் முணுமுணுத்தனர். இயங்குதளத்தின் அடிப்படை நிரல்களை மட்டும் அப்போதும் அது பொறியோடு பிணைத்தே வைத்துக்கொண்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எனினும் அந்த அரைகுறைப் பிரிவினையின் பயனை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன்னரும் தனியே நிரல் விற்றவர்கள் சிலர் இருந்தனர் என்றாலும், அதன் பின்னர்தான் மென்பொருள் விலையும் சந்தையும் உடைய தனிப் பண்டமாகத் தழைத்தது. தனிப் பண்டமானதால் தனித் தொழிலாயிற்று. சிறுசேரிக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் விடியற்காலைப் பேருந்தில் செல்லும் நம் முன்னாள் மாணவர்களின் பிழைப்பு, மென்பொருளுக்கு வன்பொருளிலிருந்து கிடைத்த விடுதலையின்மீது நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. 'சேர்த்து விற்றால் என்ன குடி முழுகிவிடும்?' என்று கேட்கும் இளைஞர், தம் வேலை எங்கிருந்து வந்தது என்று ஒருகணம் திரும்பிப் பார்க்கலாம்.

மேசைக் கணிப்பொறிகள் பரவிய காலத்தில் பிணைப்பு வேறு வடிவில் திரும்பி வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பொறி செய்வோருடன் ஓர் உடன்பாடு வைத்திருந்தது. அதன்படி, அனுப்பப்படும் ஒவ்வொரு பொறிக்கும், அதில் தன் இயங்குதளம் இருப்பினும் இல்லாவிடினும், கட்டணம் செலுத்தியாக வேண்டும். சந்தைக்குச் செல்லும் வண்டி ஒவ்வொன்றுக்கும், அதில் ஏற்றியது தன் உப்பாயினும் பிறர் உப்பாயினும், உப்பு வணிகர் ஒருவரே காசு பெறுவது போன்றது இது. பிறர் உப்பை ஏற்றினால் இருமுறை காசு கொடுக்க வேண்டும். பிறகு யார் ஏற்றுவார்? 1994 சூலையில் அமெரிக்க நீதித்துறையுடன் செய்துகொண்ட உடன்பாட்டினால் இம்முறை கைவிடப்பட்டது. ஆனால் பழக்கம் கைவிடப்படவில்லை. அந்நிறுவனத்தின் உரிமப் பத்திரத்திலேயே, ஏற்காதவர்கள் பொறி செய்தவரிடம் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம் என்ற பொருளில் ஒரு விதி இருந்தது. அதை நம்பி, 1999 பிப்ரவரி 15 அன்று கலிபோர்னியாவில் லினக்ஸ் பயனாளர் பலர் கூட்டமாகச் சென்று அந்நிறுவன அலுவலக வாயிலில் தம் பணத்தைக் கேட்டனர். பொறி செய்தவரைக் கேளுங்கள் என்பதே விடை. பொறி செய்தவரைக் கேட்டால் மைக்ரோசாஃப்டைக் கேளுங்கள் என்பார். உத்திரமேரூரில் பட்டா மாற்றத்துக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிற்க. நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? ஐ.பி.எம். அறிவிப்பு வந்த அதே 1969இல், நம் நாடாளுமன்றமும் முற்றுரிமை மற்றும் கட்டுப்படுத்தும் வணிக முறைகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு பொருளை வாங்குவதற்கு நிபந்தனையாக மற்றொரு பொருளை வாங்கச் செய்வதைக் கட்டுப்படுத்தும் வணிக முறைகளுள் ஒன்றாக அச்சட்டம் எண்ணியது. எரிவாயு இணைப்புக் கேட்டுச் சென்று, அடுப்பையும் அங்கேயே வாங்கித் தீர வேண்டியிருந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது. அதன் இடத்தில் வந்த 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் பிணைப்பு விற்பனையை, அது போட்டியைக் கெடுக்குமாயின், தடுக்கிறது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபர் 20இல் கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசி செய்வோர் கூகுள் செயலிகளை ஒரு கட்டாகவே பதிந்து தர வேண்டும் என்ற நிபந்தனை அதன் காரணங்களுள் முதன்மையானது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைக்க மறுத்தது. அதன்பின், இந்தியாவில் செயலிகளைத் தனித்தனியே உரிமம் பெற்றுக்கொள்ளலாம் என்று கூகுள் அறிவித்தது. மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையின் சில கட்டளைகளை நீக்கியபோதிலும் தண்டத்தை உறுதி செய்தது. கைப்பேசியில் கூடுவது மடிக்கணினியில் கூடாதா?

கூடாது என்று சொல்லும் பெருமன்றமும் உண்டு. 2008இல் பிரான்சு நாட்டில் சோனி மடிக்கணினி வாங்கிய ஒருவர், அதிலிருந்த விண்டோஸை ஏற்க மறுத்து, அதற்குரிய தொகையைத் திருப்பிக் கேட்டார். முழுப் பொறியையும் திருப்பித் தந்தால் முழுத் தொகையும் தருவோம் என்றது நிறுவனம். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. இயங்குதளத்தோடு பொறியை விற்பது அதனளவில் முறையற்ற வணிகம் ஆகாது என்றும், ஒவ்வொரு நிரலின் விலையையும் தனியே காட்டாமை வாங்குபவரைத் திசைதிருப்புவது ஆகாது என்றும் 2016 செப்டம்பர் 7இல் அது தீர்ப்புரைத்தது. இதற்கு மாறாக, இத்தாலியின் உச்ச நீதிமன்றமோ 2014இலேயே, வேண்டாத இயங்குதளத்தின் விலையைத் திரும்பப் பெறும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்று கூறியிருந்தது. அறிஞர்களே இருகூறாக நிற்கும் இடத்தில் நாம் அடக்கத்தோடு பேச வேண்டும்.

ஐரோப்பிய நீதிமன்றத்தின் கூற்றில் ஒரு பாதியை நாமும் ஏற்கிறோம். கிராமத்திலிருந்து வரும் மாணவிக்கு முதல் நாளே இயங்குகின்ற பொறி வேண்டும். வெறும் பெட்டியைக் கொடுத்து, 'உனக்கு விருப்பமான இயங்குதளத்தை நீயே நிறுவிக்கொள்' என்பது, நீந்தத் தெரியாத பிள்ளையை வைரமேகத் தடாகத்தில் இறக்கிவிட்டு விருப்பமான கரையில் ஏறிக்கொள் என்பது போலாகும். எனவே சேர்த்து விற்றலையே ஒழிக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. மறுபாதியைத்தான் ஏற்க இயலவில்லை. விலையைச் சொல்வதில் பொறியாளருக்கு என்ன துன்பம்? அவர் இயங்குதளத்துக்குக் கொடுத்த தொகை அவருடைய கணக்கேட்டில் தனி வரியாகத்தானே இருக்கிறது? நம் பட்டியலில் மட்டும் அது ஏன் மறைய வேண்டும்? விலை தெரிந்தவன் வேண்டும் என்றோ வேண்டா என்றோ சொல்வான். தெரியாதவன் எதைச் சொல்வான்?

இவ்வாறு எழுதிக்கொண்டிருந்தபோது, அரபுத் துறைப் பேராசிரியராகிய நண்பரிடம் இதைக் குறித்துப் பேச நேர்ந்தது. ஒரே விற்பனைக்குள் இரு விற்பனைகளைச் செய்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்று திர்மிதி தொகுப்பில் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். அதன் பொருளைப் பற்றி அறிஞரிடையே ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டாம். நீ உன் பொருளை எனக்கு இன்ன விலைக்கு விற்றால்தான் நான் என் வீட்டை உனக்கு விற்பேன் என்று ஒன்றை மற்றொன்றுக்கு நிபந்தனையாக்குவதை இமாம் ஷாஃபிஈ அவர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறியுள்ளார்களாம். நாம் உவகையோடு, "அப்படியானால் நம் வழக்கு வென்றது" என்றோம். நண்பர் கையமர்த்தினார். "அவசரப்படாதீர்கள். பூட்டோடு திறவுகோலைச் சேர்த்து விற்பதை எவரும் இரு விற்பனை என்று சொல்லமாட்டார். உங்கள் இயங்குதளம் திறவுகோலா, வேறு சரக்கா? முதலில் அதைச் சொல்லுங்கள்."

ஒரு வாரம் நம்மை உறங்கவிடாத கேள்வி அது. நமக்குப் பட்ட விடை இது. பூட்டு செய்பவரே திறவுகோலையும் செய்து, அதைத் தனியே எவருக்கும் விற்காதிருந்தால், இரண்டும் ஒரு பொருளே. ஆப்பிள் நிறுவனத்தின் பொறிகள் ஏறத்தாழ அவ்வகையின. ஆனால் விண்டோஸ் கடையில் தனியே விலைக்குக் கிடைக்கும் பண்டம். அதைப் பொறியாளரும் பிறரிடமிருந்து காசு கொடுத்தே பெறுகிறார். அப்பூட்டை வேறு திறவுகோல்களாலும் திறக்கலாம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அவற்றுள் ஒன்று. ஆகவே அது வேறு சரக்கே. நண்பர் இதைக் கேட்டுத் தலையசைத்தார்; ஒப்புதலா, ஆறுதலா என்று தெரியவில்லை.

அவர் அத்துடன் விடவுமில்லை. "தனியே விற்றால் நீங்கள் அதைக் காசு கொடுத்து வாங்குவீர்களா?" என்று கேட்டார். நாம் தலைகுனிய வேண்டியதாயிற்று. நம் ஊர்ப்புறங்களில் இயங்குதளமின்றி விற்கப்படும் பொறிகளை வாங்குவோர் பலர், விலை குறைவு என்று மகிழ்ந்து, நேரே அடுத்த தெருக் கடைக்குச் சென்று திருட்டுப் படியை ஏற்றிக்கொள்கின்றனர். நாமும் ஒருமுறை அவ்வாறு செய்தவர்தாம். மாணவர் ஒருவர், "ஐயா, இதற்குப் பணம் கொடுத்தோமா?" என்று கேட்டபோது, பேச்சை மாற்றினோம். வெறும் பொறி விற்பது களவுக்கு வழி செய்யும் என்று மென்பொருள் நிறுவனங்கள் நெடுநாளாகச் சொல்லி வருவதன் உண்மை அந்த அறையிலேயே இருந்தது. எழுத்தாளர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகள் மார்க்கத்தால் காக்கப்படுவன, அவற்றை மீறலாகாது என்று, 1988 திசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி தீர்மானித்திருப்பதை நண்பர் சொன்னார். தனி விலை கேட்கும் வாய்க்கு, அந்த விலையைக் கொடுக்கவோ அல்லது விலையில்லாததைப் பழகவோ கை துணிய வேண்டும்.

விலையில்லாததைப் பழகும் வாய்ப்பு நமக்கு இல்லாமற் போகவில்லை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது, தமிழிலும் இயங்குவது. அக்காலத்திலேயே தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகப் பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. 2011 செப்டம்பர் 15இல் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ், பாஸ் ஆகிய இரண்டும் ஒரே பொறியில் வந்தன. இரண்டு வாயில்கள் உள்ள வீடு! ஆனால் நாம் அறிந்த பிள்ளைகளில் எவரும் இரண்டாம் வாயிலைத் திறந்ததில்லை. பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை; திறக்கக் கற்றுத்தர வேண்டிய ஆசிரியர்களாகிய நமக்கே அது தெரியாது. கேரளத்தில் அரசுப் பள்ளிகள் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி அளித்து, கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்திப் பல்லாண்டுகள் ஆகின்றன. 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் பொறிகள் வரும் வகுப்பறைகளில் ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி என்பதே நம் கவலை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இதில் உண்டு. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பாஸுக்கு மாறுமாறு தமிழக அரசுத் துறைகளுக்கு அறிவுரை வந்தது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் அதே நிலை. அடுத்து வந்த விண்டோஸ் 11, பொறியில் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இருந்தால்தான் முறைப்படி ஏறும். ஓராண்டு நீட்டிப்பு ஒருபுறம் இருக்க, உறுப்பு எதுவும் பழுதுபடாத நல்ல பொறிகள் கிழப்பருவம் எய்திவிட்டன. சேர்த்து வாங்கியவனுக்கு ஒன்றின் சாவு மற்றொன்றின் சாவாகத் தோன்றுகிறது. தனித்தனியே வாங்கப் பழகியவன் மாட்டை மாற்றிவிட்டு வண்டியை வைத்துக்கொள்வான்.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்ற விதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நிலமுள்ள அந்தணர்க்கு மட்டுமே உரிய சபை அது என்ற குறை ஒருபுறம் இருக்கட்டும். கணக்கை வரிவரியாகக் கேட்கும் பழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலையும், விலையை ஒளிக்காத அவர்களின் பண்பை மறவாமல் குறிப்பிடுகிறது.

இவ்வாண்டு நம் துறைக்கு இரண்டு கணிப்பொறிகள் வாங்க வேண்டியிருந்தது. விலைப்புள்ளி கேட்டு எழுதிய மடலில், பொறியின் விலை, இயங்குதளத்தின் விலை, வரி ஆகியவற்றைத் தனித்தனி வரிகளில் காட்டுமாறு கேட்டிருந்தோம். மூன்று கடைகளுக்கு அனுப்பினோம். ஒருவர் அப்படியொரு வழக்கம் இல்லை என்று திருப்பிவிட்டார். ஒருவர் இரண்டாம் வரியை வெற்றிடமாக விட்டு மொத்தத் தொகையை மட்டும் எழுதினார். மூன்றாமவர் எழுதித் தந்தார். மொத்தத்தில் அவருடையதே அதிகம். ஆனால் இரண்டாம் வரியை நீக்கினால் அவருடையதே குறைவு. கொள்முதல் குழுவில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. இறுதியில் அவ்வரியின் எதிரே 'வேண்டா' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். பொறிகளில் பாஸ் நிறுவப்பட்டது. நம் துறையின் பழைய கோப்புகள் பழைய எழுத்துருக்களில் இருந்தமையால் முதல் இரண்டு வாரம் எதுவும் சரியாகத் திறக்கவில்லை. மூத்த பேராசிரியர் ஒருவர் இன்னும் நம்மீது சினமாகத்தான் இருக்கிறார். அப்பொறிகளுள் ஒன்றில்தான் இக்கட்டுரை தட்டச்சாயிற்று. அச்சகத்தார் கேட்ட எழுத்துருவுக்கு அதை மாற்றித் தர, தமையனாரின் மகளுக்கு இரண்டு நாள் பிடித்தது.